கோடையிலும் பச்சைத் தீவனம்: அக்காவின் டிப்ஸ்

பங்குனி வெயில்ல வைக்கோலுக்கு அலையாம இருக்கணுமா தங்கச்சி? ஆடியிலயே பயறுவகைத் தீவனம் விதைச்சுடு. வறட்சியைத் தாங்கறது வேர்தான். மண்ணுல ஈரம் இருக்கும்போதே அது ஆழமா இறங்கிடணும்.

1. நிலத்துக்கு ஏத்த விதை: கிணத்துல தண்ணி இருந்தா குதிரைமசால். மானாவாரின்னா வேலிமசால். சரளை மேட்டுக்கு முயல்மசால். வருஷத்துக்கு 450 மி.மீ. மழை இருந்தாலே வந்துடும். ஒரு பருவத்துக்கு மட்டும்னா தட்டைப்பயறு போதும்.

2. விதைக்கு வெந்நீர்: வேலிமசால், முயல்மசால் விதைத் தோல் ரொம்பக் கெட்டி. அப்படியே தூவினா பலதும் முளைக்காமக் கிடக்கும். தண்ணியைக் கொதிக்கவச்சு இறக்கி, கொதி அடங்கினதும் (சுமார் 80 டிகிரி) விதையைப் போட்டு 4 நிமிஷம் வை. வடிச்சு, பச்சைத் தண்ணியில அலசி, நிழல்ல உலர்த்தி விதை.

3. முதல் அறுப்புக்கு அவசரப்படாதே: வேலிமசாலை 90 நாள் வளரவிடு. தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு அறு. அப்புறம் 40 நாளுக்கு ஒரு தரம், அதே உயரத்துல. ஒட்ட அறுத்தா மறுதுளிர் சுணங்கும், வேரும் மெலியும்.

4. இலையைக் காலையில பார்: உச்சிவெயில்ல தட்டைப்பயறு இலை திரும்பி, வெயிலுக்கு விளிம்பைக் காட்டி நிக்கும். தண்ணியை மிச்சம் பிடிக்கிற வேலை அது. மறுநாள் விடியக்காலையிலயும் தொங்கிக்கிடந்தாத்தான் ஈரம் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். ஒரு தண்ணி விடு. வழியில்லேன்னா அறுத்துப் போட்டுடு.

5. தனியாப் போடாதே: வெறும் வயித்து மாட்டுக்குப் பனி ஈரத்தோட குதிரைமசால் போட்டா வயிறு உப்பிடும். 3 பங்கு புல், தட்டைக்கு 1 பங்கு பயறுவகைன்னு கலந்து போடு. சூபாபுல் தழையில மிமோசின்னு ஒரு நச்சு உண்டு. மொத்தத் தீவனத்துல 30 சதவீதத்தைத் தாண்டவேண்டாம். மழையில்லாம வாடி நிக்கிற இளஞ்சோளத்தை மட்டும் எதோடும் சேர்க்காதே. அதுல இருக்கிற விஷம் மாட்டையே சாய்ச்சிடும்.

6. மிஞ்சினதைக் காயவை: சத்து பூரா இலையிலதான் இருக்கு. மொறமொறன்னு காஞ்சதைப் புரட்டினா இலை உதிர்ந்து குச்சிதான் தேறும். காலை ஈரப்பதத்துலயே புரட்டி, நிழல்ல உலர்த்திக் கட்டு.

பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துல விதைக்கு இப்பவே சொல்லிவை. முதல் மழை விழுந்தப்புறம் ஊரே கேட்டு நிக்கும்.