லைன் நின்றால் எங்கே தொடங்குவது?

கன்ட்ரோல்ஸ் இன்ஜினியராகப் புதிதாகச் சேர்ந்தவர்கள், மெஷின் நின்றதும் முதலில் லேப்டாப்பைத் திறப்பார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நேற்று வரை ஓடிய பிஎல்சி புரோகிராம் தானாக மாறாது. சென்சார் நகரும், ஒயர் அறும், வால்வ் சிக்கும்.

ஒரு வெல்டிங் ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். கிளாம்ப் சிலிண்டர் வந்து பாகத்தைப் பிடித்துவிட்டது, கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் திரையில் 'கிளாம்ப் வரவில்லை' என்று அலாரம்.

ரீசெட்டை உடனே அழுத்தாதீர்கள், துப்பு போய்விடும். அலாரத்தையும் ஸ்டெப் எண்ணையும் படமெடுங்கள். பிறகு ஆபரேட்டரிடம், "அண்ணே, நிக்கிறதுக்கு முன்னாடி யாராவது எதையாவது தொட்டாங்களா?" என்று கேளுங்கள். பல நேரம் பாதி பதில் இங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்டேஷனின் பாதுகாப்பு வேலிக்குள் போவதானால் ரோபோ, மோட்டார் சப்ளைக்குப் பூட்டுப் போடுங்கள், காற்றையும் வெளியேற்றுங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கும். காற்று போனதும் கனமான கிளாம்ப் தானாக இறங்கலாம், அதனால் முதலிலேயே முட்டுக் கொடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் சப்ளையான 24 வோல்ட் மட்டும் இருந்தால் சென்சாரைச் சோதிக்கலாம்.

இப்போது இரண்டு விளக்குகளைப் பாருங்கள்: சென்சாரில் ஒன்று, பேனலில் இன்புட் கார்டில் ஒன்று. சென்சாரில் எரிந்து கார்டில் எரியவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ கனெக்டரிலோ இருக்கும். இரண்டுமே எரியவில்லை என்றால் சென்சார் இடம் மாறியிருக்கும், இல்லை சப்ளை வரவில்லை. கார்டு முழுக்க இருட்டா? அப்போது சென்சாரை விட்டுவிட்டு ஃபியூஸைப் பாருங்கள்.

மூன்று ஒயர் பிஎன்பி சென்சாரில் பிரவுனுக்கும் நீலத்துக்கும் இடையே 24 வோல்ட் வேண்டும். ஆன் ஆகும்போது கறுப்பில் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். வழக்கமான 24 வோல்ட் இன்புட் கார்டு 15 வோல்ட்டுக்கு மேல் 'ஆன்', 5-க்குக் கீழ் 'ஆஃப்' என்று எடுக்கும். நடுவில் 9, 10 என்று மீட்டர் காட்டினால் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே கூலன்ட் ஈரமோ பச்சை பூத்த பின்னோ இருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுதான் உயிரை வாங்கும். கேபிள் செயினுக்குள் ஓடும் ஒயர் வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். காற்றும் மோட்டார் சப்ளையும் இல்லாமல் 24 வோல்ட் மட்டும் இருக்கும்போது செயினைக் கையால் மெல்ல நகர்த்தி, எந்த இடத்தில் விளக்கு அணைகிறது என்று பாருங்கள்.

இரண்டு விளக்கும் சரியாக எரிந்தால்தான் லேப்டாப். வராத அவுட்புட்டைப் பிடித்து, அதற்கு முந்தைய எந்தக் கான்டாக்ட் மூடவில்லை என்று பின்னோக்கிப் போங்கள்.

உற்பத்தி அவசரத்தில், "அந்த இன்புட்டை ஃபோர்ஸ் பண்ணிட்டு ஓட்டுங்க சார்" என்பார்கள். பாகம் பிடிபட்டதைச் சொல்லும் சிக்னலை ஃபோர்ஸ் செய்தால், பிடிபடாத பாகத்தையும் ரோபோ வெல்டு செய்யும். கதவு ஸ்விட்ச், லைட் கர்ட்டன், எமர்ஜென்சி ஸ்டாப்பில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, யார் சொன்னாலும்.

சென்சாரை இறுக்கியதும் சிலிண்டரில் அதன் இடத்தை மார்க்கரால் கோடிட்டு வையுங்கள். அடுத்த முறை நகர்ந்தால் பார்த்ததும் தெரியும். புரோகிராமைத் தொட்டிருந்தால் புதிய பேக்கப்பைத் தேதியோடு சேமித்து, எந்த வரியை ஏன் மாற்றினீர்கள் என்று ஷிப்ட் லாகில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.