சிரைவழித் திரவமும் சொட்டுக் கணக்கும்

'குளுகோஸ் ஏற்றினால்' எந்த நோயும் தணியும் என்ற எண்ணம் நம் கிராமங்களில் வேரூன்றியுள்ளது. ஆனால் திரவமும் ஒரு மருந்தே. அளவும் வேகமும் மிகுந்தால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஊறு நேரும்.

வேகத்தைக் கணிப்பது கடினமன்று. ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில், 500 மில்லிலிட்டரை 4 மணி நேரத்தில் செலுத்த, நிமிடத்திற்குச் சுமார் 42 சொட்டு தேவை. குழந்தைகளுக்கான நுண்சொட்டுக் குழாயிலோ ஒரு மில்லிலிட்டருக்கு 60 சொட்டு. அதற்குக் கணித்த எண்ணிக்கையை முன்சொன்ன குழாயில் விட்டால், குழந்தையின் உடலில் மும்மடங்கு திரவம் பாய்ந்துவிடும். ஆகவே குழாய் உறையைப் படித்த பின்னரே கணக்கிட வேண்டும்.

வாயால் பருக இயன்றவருக்குப் பெரும்பாலும் ஊசியே தேவையில்லை. 1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியது. போன்காவில் சிரைவழித் திரவத்திற்குப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் கலந்த நீரைப் பருகக் கொடுத்துப் பலரைக் காத்தார். செலவும் சொற்பமே.

ஊசி குத்திய இடம் வீங்குகிறதா, மூச்சு விரைகிறதா என்பதைச் செவிலியர் அடிக்கடி கவனித்து, நேரத்துடன் பதிய வேண்டும். இரவில் ஒரே செவிலியர் கூடம் முழுவதையும் காக்கும் மருத்துவமனைகளில் இது எங்ஙனம் இயலும்? பணியிடங்களை ஒதுக்கும் அதிகாரிகள் படுக்கைகளை மட்டுமின்றி, தொங்கும் பாட்டில்களையும் எண்ணிப் பார்த்தல் நலம்.