ஒரு மாதக் கணக்கு

அன்பு மருமகனுக்கு,

உடப்பிலிருந்து மாமா எழுதுகிறேன். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் முடிந்த கையோடு நீ அனுப்பிய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கடற்கரைச் சனத்தின் சொத்துக்காக வழக்காடப் போகிறாய், சந்தோஷம். ஆனால் சொத்துரிமை நமது அடிப்படை உரிமை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாயே, அதை எங்கே கண்டாய்? 1978 இலங்கை அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை விரல் வைத்துத் தேடினாலும் அகப்படாது. அதே ஆண்டில்தான் இந்தியாவும் 44 ஆவது திருத்தத்தால் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து கழற்றி 300அ உறுப்புரையில் வைத்தது. அங்கே வேறு அறைக்காவது மாற்றினார்கள். இங்கே வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

அதற்காகச் சோர்ந்துவிடாதே. எப்பாவல பொஸ்பேட் வழக்கை முழுசாகப் படி, சுருக்கம் போதாது. வெளிநாட்டுக் கம்பனியோடு அரசாங்கம் போடவிருந்த சுரங்க ஒப்பந்தத்தை எதிர்த்து அந்த ஊர்ச் சனத்தில் ஏழு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். இது எல்லாருக்கும் பொதுவான விவகாரம், இவர்கள் யார் கேட்பதற்கு என்று மறுதரப்பு வாதாடியது. 2000 இல் நீதியரசர் அமரசிங்க அதை ஏற்கவில்லை. அவர்களை வெல்ல வைத்தவை சட்டத்தின் முன் சமத்துவமும், 14 ஆவது உறுப்புரை தரும் தொழில் செய்யும் சுதந்திரமும், விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரமும். காணியைக் காப்பாற்ற உழைப்பின் வழியாகப் போனார்கள்.

நம் கரைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பார். கரைவலை இழுக்கும் பாட்டுக்கு யாரிடம் காணி உறுதி இருக்கிறது? மணல் அரசாங்கத்தினுடையது. ஆனால் எந்தச் சம்மாட்டியின் வலை எந்த இடத்தில் இறங்கும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின்நிலையம் வந்தபோதும், கற்பிட்டியில் 14 தீவுகளைச் சுற்றுலாவுக்கு என்று குறித்தபோதும், மீன்பிடிச் சனத்திடம் முதலில் கேட்கப்பட்டது உறுதிதான். கேட்டதும் தலை குனிந்துவிடுவார்கள். நீ வேறு கேள்வி கேள்: அப்பன் எங்கே வலை இழுத்தான், எத்தனை வருஷம், படகுப் பதிவு எந்தத் திகதி, வாடி போட்ட இடத்துக்கு யார் கடிதம் தந்தார்கள்? அந்தத் துண்டுக் காகிதங்கள்தான் உன் வழக்கு.

இறால் பண்ணைக்காரரும் உன்னிடம் வருவார். வரட்டும், தொழில் சுதந்திரம் அவருக்கும் உண்டு. பண்ணைத் தண்ணீர் எந்தக் களப்பில் விழுகிறது என்று கேட்டுவிட்டுக் கோப்பைத் திற.

காணி எடுத்தற் சட்டத்தின் 2 ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டால், என்ன பொதுத் தேவை என்று அதில் இருக்கிறதா பார். தேவையைச் சொல்லாமல் எடுக்க முடியாது என்று மானெல் பெர்னாண்டோ வழக்கில் தீர்ப்பு உண்டு. தேவை என்று சொல்லி எடுத்த காணி கோல்ஃப் மைதானமாகிப்போன வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், முன்னாள் ஜனாதிபதியையே 30 இலட்சம் ரூபா கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம், 2008 இல்.

இதெல்லாம் புதுக்கடை நீதிமன்றங்களில் யாராவது சொல்லித் தருவார்கள். நான் தோற்ற கதையை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு 126 ஆவது உறுப்புரை தருவது ஒரே மாதம். ஓர் அலுவலகத்தில் அடுத்த கிழமை பதில் தருகிறோம் என்றார்கள், நம்பிக் காத்திருந்தேன். கடிதம் வந்தது, 34 ஆவது நாளில். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு முறைப்பாட்டைப் போட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. தெரிந்தும் சோம்பினேன். என்னை நம்பி வழக்கைத் தந்த மனிசன் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இன்னொருவர். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்த முஸ்லிம் பெரியவர். காணியைப் பத்து வருஷம் ஆண்டுவந்தவனுக்கு ஆட்சியுரிமை கிடைத்துவிடும் என்ற பழைய சட்டம் அப்படிப்பட்டவர்களின் காணியைப் பறிக்கக் கூடாதென்று 2016 இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது, வழக்குப் போட இரண்டு வருஷம் தந்து. அவர் உறுதிப் பெட்டியோடு என் படலையைத் திறந்தது மூன்றாவது வருஷம். சட்டம் வந்த சேதி அதுவரை அவர் காதில் விழவில்லை. அவர் இருந்த முகாமுக்குள் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். இருபது நிமிஷ பஸ் பயணம்.

ஆகவே கொழும்பில் அறை எடு, நான் தடுக்கவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இங்கே இரு. பூசை முடிந்து சனம் கோவில் வாசலில் நிற்கும் நேரம் நல்லது. கறுப்புக் கோட்டு வேண்டாம், நாட்குறிப்பு கொண்டு வா.

தெற்குப் பக்க வாடி ஒன்றில் போன வெள்ளிக்கிழமை ஏதோ காகிதம் ஒட்டியிருக்கிறார்களாம், மூன்று மொழியிலும். இன்றைக்கு ஆறாவது நாள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்துவிடு. அம்மாவுக்குச் சூடைக் கருவாடு கட்டி வைத்திருக்கிறேன்.

மாமா