பால்கனியில் தக்காளி

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் ஊர் வழக்கு. டில்லிக்கு வந்த பிறகும் அதையே நம்பி ஆடியில் தக்காளி விதைத்து ஏமாந்தவர்கள் நம்மில் பலர், நானும் ஒருத்தி. இங்கே அந்த மாதங்களில் புழுக்கமும் வெள்ளை ஈயும் அதிகம். அந்த ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் வந்துவிட்டால் செடி குட்டையாகவே நின்றுவிடும். மருந்து கிடையாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

டில்லிக்கு ஏற்றது புரட்டாசி. செப்டம்பர் நடுவில் விதைத்து, நாலு வாரம் கழித்து நாற்றைத் தொட்டிக்கு மாற்றலாம். இங்குள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தந்த 'பூசா ரூபி' நல்ல ரகம். சற்றுத் தட்டையாக, வரிவரியாய்ப் பள்ளம் விழுந்து, பார்க்க நம் நாட்டுத் தக்காளி போலவே இருக்கும். கடையில் கிடைக்கும் கெட்டித்தோல் பழத்தைப் போட்டு ரசம் வைத்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதலில் பால்கனி எந்தத் திசை என்று பாருங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் தெற்குப் பால்கனிக்கு நல்ல வெயில் உண்டு. வடக்குப் பால்கனிக்காரர்கள் கொத்தமல்லி, புதினாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓரடி ஆழமுள்ள தொட்டிக்கு ஒரு செடி போதும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய சாணி எரு, ஒரு பங்கு மணல், ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. நடும்போதே மூங்கில் குச்சியும் ஊன்றிவிடுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை வேலை. காபி டம்ளரோடு ஒரு முக்காலியைப் போட்டுச் செடியருகே உட்காருங்கள். இலைக் காம்பும் தண்டும் சேரும் இடத்தில் முளைக்கும் பக்கக்கிளைகளைக் கிள்ளுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளை ஈ அங்கேதான் ஒளிந்திருக்கும். பத்து மணி வெயில் வந்ததும் பூங்கொத்துகளை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் அது உதிர ஓர் அசைவு வேண்டும். மூன்றாம் மாடிக்கு வண்டுகள் அவ்வளவாக வருவதில்லை. இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டால் நமக்கு இன்னொரு டம்ளர் காபி குடிக்க நேரம் கிடைக்கும்!

வாரமெல்லாம் மறந்துவிட்டு ஞாயிறன்று மட்டும் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டாதீர்கள். காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கிப் போவது பெரும்பாலும் இதனால்தான். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் ஏறுகிறது. தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைத்தால் சத்தும் அப்படியே. விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

ஜனவரியில் பூக்கள் உதிரும், பயப்பட வேண்டாம். இரவுக் குளிர் 13 டிகிரிக்குக் கீழே போனால் பிஞ்சு பிடிக்காது. உறைபனி இரவுகளில் ஒரு பழைய வேட்டியால் மூடிவையுங்கள். நவம்பரில் பிடித்த காய்கள் மெதுவாகப் பழுக்கும். பிப்ரவரியில் மறுபடி பூக்கும். நிறம் திரும்பியதும் பறித்துச் சமையலறை மேடையிலேயே வையுங்கள், பழுத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும்.