உண்டியலைத் தூக்கும் முன்

மறையூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் வகுப்புப் பையனுக்கு விபத்தில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள் என்றும், அவன் மறுபடி ஓடுவதற்கு ஒரு பிளேடு கால் வாங்கித்தர கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் உண்டியல் குலுக்கப் போகிறீர்கள் என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறுத்தியது. அவன் என்ன கேட்டான் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

நான் மூணாறு பக்கம் எஸ்டேட் பள்ளியில் டிரில் வாத்தியாராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவின் மகனுக்கு இப்படித்தான் கால் போயிற்று. ஆசிரியர்கள் நாங்கள் காசு சேர்த்துச் செயற்கைக் கால் செய்து கொடுத்தோம். மாலை போட்டோம், போட்டோ எடுத்தோம். ஆறு மாதம் கழித்து அவர்களுடைய லயத்துக்குப் போனேன். அடுப்படிச் சுவரில் ஆணி அடித்து அந்தக் காலை மாட்டியிருந்தார்கள். புகை படிந்து கறுத்துக் கிடந்தது. "போட்டா புண்ணாகுது சார்" என்றான் பையன். துணியை விலக்கிக் காட்டினான். எலும்பு முட்டும் இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். செய்து கொடுத்தவரிடம் திரும்பப் போய்ச் சரிசெய்து வர பஸ் காசும் வேண்டும், அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும் போகும். அந்தக் காசை நாங்கள் யாரும் கணக்கில் வைக்கவில்லை. தப்பு எங்களுடையது.

காலின் மிச்சப் பகுதி போய் உட்காரும் கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பெயர். செயற்கைக் காலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, ஆளுக்கு ஆள் தனியாகச் செய்ய வேண்டியது அது. ஆனால் அச்செடுத்த கால் அப்படியே நிற்பதில்லை. அறுவை முடிந்த முதல் மாதங்களில் வீக்கம் வற்றிச் சுருங்கும். காலையில் இறுக்கமாக இருக்கும் சாக்கெட் சாயங்காலம் தளர்ந்து போகும். அதற்காகவே உள்ளே உறை மேல் உறை போடுவார்கள். வளரும் பையனுக்கு எலும்பும் வளரும், சாக்கெட்டை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். கழற்றிய பிறகு தோலில் தெரியும் சிவப்பு பத்து நிமிஷத்தில் மறையாவிட்டால் செய்து கொடுத்தவரிடம் மறுபடி காட்ட வேண்டும் என்று அவனிடம் சொல். ஒரு தடவை வாங்கிக் கொடுத்தால் முடிந்துபோகிற காரியம் இல்லை இது.

பிளேடு வந்த கதையும் உனக்குத் தெரியட்டும். அமெரிக்காவில் வான் ஃபிலிப்ஸ் என்ற இளைஞருக்கு 1976இல் நீர்ச்சறுக்கு விளையாட்டில் கால் போயிற்று. கொடுத்த செயற்கைக் கால் பிடிக்காமல், தானே அந்தத் தொழிலைப் படித்து, கார்பன் ஃபைபரை வளைத்து வில்லாக்கினார். மிதித்தால் வளையும், விட்டால் உந்தும். ஆனால் ஓட்டப் பிளேடுக்குக் குதிகால் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்பதே கஷ்டம். ஓடுபவரின் எடைக்குத் தக்கபடி தேர்ந்தெடுக்க வேண்டியதும்கூட. பள்ளிக்கு நடந்து வரவும் வரப்பில் இறங்கவும் வேறு கால் வேண்டும். அதற்கு நம் நாட்டிலேயே வழி கண்டிருக்கிறார்கள். 1968இல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் செய்த ரப்பர் பாதத்தோடு வெறுங்காலாக நடக்கலாம், குத்தவைக்கலாம், சேற்றிலும் இறங்கலாம். 1981இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்த சுதா சந்திரன், 1984இல் மறுபடி மேடையேறிப் பரதம் ஆடியது அந்தப் பாதத்தை வைத்துத்தான்.

அதனால்தான் முதலில் அவனைக் கேள் என்கிறேன். ஓட ஆசையா? இல்லை, பந்து விளையாடவா? கால் இழந்தோர் ஆடும் கால்பந்தில் செயற்கைக் காலுக்கு இடமே இல்லை. அணிக்கு ஏழு பேர், நம் ஊர் செவன்ஸ் மாதிரியே. ஒற்றைக் காலோடு இரண்டு முழங்கைக் கட்டைகளை ஊன்றி ஆடுவார்கள்; கோல்கீப்பர் ஒற்றைக் கைக்காரர். அவன் ஆசை அதுவானால் அவனுக்கு வேண்டியது ஒரு ஜோடி நல்ல கட்டைதான், பிளேடு இல்லை. ஒரு காலை இழந்த ஆலுவாவின் நீரஜ் ஜார்ஜ் பேபி கட்டைகளை ஊன்றியே 2019இல் கிளிமஞ்சாரோ ஏறினார்.

இனி ஆபீஸ் வேலை. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பிக்கச் சொல். அது நாடு முழுவதும் செல்லும், ஆகவே எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் வைத்தியம் பார்த்தாலும் கவலையில்லை. உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் செயற்கைக் கால் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனி: மூன்று ஆண்டுக்குள் அதே உதவியை வேறு எங்காவது பெற்றிருந்தால் மறுபடி தரமாட்டார்கள், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் ஓராண்டு. பொருந்தாத காலை அவசரப்பட்டு வாங்கினால் மூன்று வருஷம் போய்விடும். அச்செடுத்துப் பொருத்த, கல்லேட்டுங்கரையில் உள்ள கேரள அரசின் மறுவாழ்வு நிறுவனத்தில் விசாரியுங்கள். இரிஞ்ஞாலக்குடா ரயில் நிலையம் இருப்பதும் அந்த ஊரில்தான். பாலக்காட்டில் ரயில் ஏறினால் போய்விடலாம். விளையாட்டுக்கு என்று தனியாகச் செய்யும் உறுப்பு வேண்டுமானால் அங்கேயே வெளிப்படையாகக் கேளுங்கள், அவன் எடை, வேலை, விளையாட்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். பஞ்சாயத்திலும் மனு கொடுங்கள். மலையாளத்தில் எழுதத் தெரியவில்லையே என்று அவன் அப்பா தயங்க வேண்டாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலேயே மனு எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது.

உண்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு எதற்குத் தராதோ அதற்கு அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட், அவன் அப்பாவின் கூலி, உறைகள், அடுத்த வருஷத்துச் சாக்கெட். கணக்கை ஒரு நோட்டில் எழுதி அவன் வீட்டிலேயே கொடுங்கள். கடைவீதியில் அவன் போட்டோவை ஒட்டுவதானால் அவனிடம் கேட்காமல் ஒட்டாதீர்கள். பதினைந்து வயசுப் பையன், அவனுக்கும் ரோஷம் இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் வா. உண்டியலை எடுத்துப் போகாதே, ஒரு பந்தை எடுத்துப் போ. அவன் சொல்வதைக் கேட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா