நம் தொலைநோக்கியைப் பழக்குவோம்

தொலைநோக்கி என்றவுடன் மூன்று கால் தாங்கியின் மேல் நிற்கும் மெல்லிய நீண்ட குழாய்தான் நம் மனக்கண்முன் வருகிறது. இவ்வாண்டு நம் பள்ளிக்கு வந்திருப்பதோ வேறு வகை. தடித்த குழாய் ஒன்று. அதைத் தாங்குவதற்குத் தரையோடு தரையாக ஒரு மரப்பெட்டி. செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா சென்று வந்தவர்கள் இதைப் பீரங்கி என்றே சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை. பீரங்கியைப் போலவே இது மேலும் கீழும் அசையும். இடமும் வலமும் திரும்பும். வேறு அசைவு இதற்குக் கிடையாது. இதற்கு டாப்சோனியன் தொலைநோக்கி என்று பெயர்.

இப்பெயருக்கு உரியவர் ஜான் டாப்சன். 1915 ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் பிறந்த அமெரிக்கர். வேதியியல் படித்தவர். 1944 முதல் 1967 வரை சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக வாழ்ந்தார். கையில் காசு இல்லாத துறவி தொலைநோக்கி செய்ய என்ன வழி? பழைய கப்பல்களின் வட்டச் சன்னல் கண்ணாடியைத் தேய்த்துக் குழியாடி ஆக்கினார். தூண் வார்க்கப் பயன்படும் அட்டைச் சுருளைக் குழாயாக்கினார். மரத்துண்டுகளால் தாங்கி செய்தார். அதைத் தெருவோரத்தில் வைத்து, போவோர் வருவோரையெல்லாம் அழைத்துச் சந்திரனைக் காட்டினார். தம் அமைப்புக்கு அவர் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. 2014 இல் தமது 98 ஆம் வயதில் காலமானார். கடையில் விற்கும் டாப்சோனியன்கள் எல்லாம் அந்தத் தெருவோரத் தொலைநோக்கியின் வழிவந்தவையே.

நம்முடையது ஆறு அங்குலக் குழியாடி உடையது. அதாவது 150 மில்லிமீட்டர். குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர். இருளில் நம் கண்ணின் பாவை விரிந்து ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் ஆகும். இரண்டின் பரப்பையும் ஒப்பிட்டால், ஆடி நம் கண்ணைவிடச் சுமார் 450 மடங்கு ஒளியைச் சேகரிக்கிறது என்று கணக்கு மாணவியர் உடனே சொல்லிவிடுவார்கள். 25 மி.மீ. கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் உருப்பெருக்கம் 48, 10 மி.மீ. வில்லைக்கு 120. நமக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. 1986 இல் திறக்கப்பட்ட அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு கொண்டது. நம் ஆடியைப்போல் இருநூற்று நாற்பது மடங்கு பரப்பு! எனினும் இரண்டும் ஒளியைக் குவிக்கும் முறை ஒன்றுதான்.

பெட்டியைப் பிரித்துத் தாங்கியைப் பூட்டுவது கட்டில் பூட்டுவதைவிடச் சுலபம். பக்கப் பலகைகள் இரண்டு, முன்பலகை ஒன்று, வட்டப் பலகைகள் இரண்டு, திருகுகள், ஆலன் சாவி. திருகுகளை முதலில் தளர்வாகப் போட்டு, பலகைகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். மரத்தூள் பலகை ஆதலால் அளவுக்கு மேல் இறுக்கினால் புரி தேய்ந்துவிடும். அதன் பிறகு திருகு நிற்காது.

கடினமான பகுதி ஆடிகளை நேர்ப்படுத்துவது. குழாயின் அடியில் குழியாடி. வாயருகே சாய்வாக ஒரு சிறு தட்டையாடி. குழியாடி திருப்பி அனுப்பும் ஒளியைத் தட்டையாடி பக்கவாட்டில் திருப்பிக் கண்ணருகு வில்லைக்குக் கொடுக்கிறது. லாரியில் குலுங்கி வந்த பெட்டியில் இவ்விரண்டும் சற்றே விலகியிருப்பது இயல்பு. இதைச் சரிசெய்ய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வில்லை பொருத்தும் குழல்வாயில் கச்சிதமாக உட்காரும் பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து, நட்டநடுவில் சிறு துளையிட்டால் போதும். துளை வழியே பார்க்கும்போது தட்டையாடிக்குள் குழியாடி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடுத்து, குழியாடியின் நடுவிலுள்ள சிறு வளையக் குறிக்குள் நம் மூடியின் துளை வந்து விழ வேண்டும். விழாவிட்டால் குழாயின் அடியிலுள்ள மூன்று திருகுகளைச் சிறுகச் சிறுகத் திருப்ப வேண்டும். துளையில் கண் வைத்தவளுக்குத் திருகு எட்டாது. திருகைப் பிடித்தவளுக்குத் துளை தெரியாது. ஆகவே இது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. ‘இன்னும் கொஞ்சம், போதும், சற்றுத் திருப்பு’ என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் திருப்ப, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரவில் ஒரு விண்மீனைக் கொண்டு மீண்டும் சோதிப்பது நலம். உருவத்தைச் சற்றே குவியம் தப்பவிட்டால் ஒளிப்புள்ளி வளையங்களாக விரியும். அவை ஒரே மையமுடைய வட்டங்களாக இருந்தால் நேர்ப்பாடு சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மீண்டும் திருகு. மேல்நாட்டு நூல்கள் இச்சோதனைக்குத் துருவ நட்சத்திரத்தைச் சொல்லும். அது நகராமல் நிற்பதால் அவர்களுக்கு வசதி. நம் ஊரிலோ துருவ நட்சத்திரம் வெறும் 12 பாகை உயரத்தில், அடிவானப் புழுதியில் கிடந்து நடுங்குகிறது. நமக்குத் தலைக்கு மேல் ஏறி வரும் சுவாதியே ஏற்றது.

குழாயின் மேலுள்ள சிறு குறிபார்வைக் கருவியைப் பகலிலேயே சரிசெய்துவிட வேண்டும். தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியைத் தொலைநோக்கியின் நடுவில் கொண்டுவந்து, குறிபார்வையின் சிவப்புப் புள்ளியையும் அதே உச்சியில் நிறுத்தினால் முடிந்தது. கோபுரம் தலைகீழாகத் தெரியும். பயப்பட வேண்டாம், இவ்வகைத் தொலைநோக்கியின் இயல்பு அது. பயப்பட வேண்டியது வேறொன்று உண்டு. சூரியன் இருக்கும் திசைக்கே குழாயைத் திருப்பக் கூடாது. ஒரு கணம் பார்த்தாலும் பார்வை போய்விடும். போன பார்வை திரும்பாது. பகலில் குழாய்க்கு மூடி இருக்கட்டும். அருகில் பெரியவர் ஒருவரும் இருக்கட்டும்.

இனி, நம் கைவேலைக்கு வருவோம். டாப்சோனியனின் உயிர் அதன் ஆடியில் பாதி, அடிப்பலகையில் பாதி என்பது எங்கள் கருத்து. பூமி சுழல்வதால் விண்மீன்கள் ஒரு மணிக்கு 15 பாகை வீதம் நகர்கின்றன. 120 மடங்கு பெருக்கத்தில் பார்க்கும்போது ஒரு கோள் பார்வை வட்டத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் ஓடிவிடும். இதில் மோட்டார் இல்லை. பார்ப்பவளே விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது பலகை பிடித்துக்கொண்டு திடீரென்று துள்ளினால், சனிக்கோள் பறந்துவிடும். தேடிப் பிடிப்பதற்குள் பின்னால் நிற்கும் குழந்தைக்கு வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும்.

துள்ளல் ஏன் வருகிறது? நிற்கும் பொருளை அசைக்கத் தேவைப்படும் உராய்வு விசை, அசைந்துகொண்டிருக்கும் பொருளின் உராய்வைவிடப் பெரியது என்று இயற்பியலில் படிக்கிறோம். அந்த வேறுபாடு அதிகமானால் தள்ளத் தள்ள நகராமல் இருந்து, பிறகு ஒரேயடியாகப் பாயும். டெஃப்லானுக்கும் சொரசொரப்பான சன்மைக்காவுக்கும் இடையே இந்த வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே, அடிப்பலகையில் உள்ள மூன்று நைலான் துண்டுகளை எடுத்துவிட்டு டெஃப்லான் துண்டுகளைப் பதிக்கலாம். அவை மூன்று கால்களுக்கும் நேர் மேலே இருந்தால் பலகை வளையாது. மேற்பலகையின் அடியில் சன்மைக்காத் தகட்டைத் தச்சரிடம் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீர்க் குழாய் பொருத்துவோர் சுற்றும் டெஃப்லான் நாடா இதற்கு உதவாது. கனமான தகடு வேண்டும். அது கிடைக்கும்வரை மெழுகுத்திரித் துண்டால் தேய்த்து வைக்கலாம். நம் பள்ளியில் மெழுகுத்திரித் துண்டுக்கா பஞ்சம்! ஆனால் மெழுகில் தூசி ஒட்டும். வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். நடு அச்சாணியின் திருகையும் சற்றே தளர்த்த வேண்டும். ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்து, விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அதுவே அளவு.

கனமான வில்லையைப் பொருத்தும்போது குழாயின் வாய் தாழ்ந்துபோகும். பழுதான ஒலிபெருக்கியின் வட்டக் காந்தத்தைத் துணியில் சுற்றி அடிப்பக்கத்தில் ஒட்டவைத்தால் சமநிலை வந்துவிடும். குழாய் இரும்புத் தகடு ஆதலால் காந்தம் தானே பற்றிக்கொள்ளும். மார்கழிப் பனிக்குக் கறுப்புச் சார்ட் தாளைச் சுருட்டிக் குழாய்வாயில் நீட்டிவைத்தால் போதும். உயரத்தை அறியக் கொத்தனாரின் தூக்குக்குண்டே வழிகாட்டி. ஒரு பெரிய கோணமானியின் நேர்விளிம்பைக் குழாய்க்கு இணையாக ஒட்டி, அதன் மையத்திலிருந்து சிறு குண்டு ஒன்றை நூலில் தொங்கவிட வேண்டும். குழாய் கிடையாக இருக்கும்போது நூல் 90 இல் நிற்கும். 73 இல் நின்றால் குழாய் 17 பாகை உயர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த 17 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைத்துப் பார்ப்பது? மொட்டை மாடி என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு வெகுநேரம் அனல் கக்கும். அந்த அனலில் விண்மீன் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசுபோல் நெளியும். வீட்டுக் கொல்லையே மேல். மண் தரையில் கடப்பைக் கல் ஒன்றைப் போட்டு அதன்மேல் தாங்கியை வைக்கலாம். அரைமணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்தால் ஆடி குளிர்ந்து உருவம் நிலைபெறும். கைவிளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டால் இருளுக்குப் பழகிய கண் கெடாது.

எந்த இரவு நல்லது? அமாவாசை என்று வானியல் நூல்கள் சொல்லும். மேல்மலையனூரிலோ அமாவாசை இரவில்தான் அங்காளம்மன் கோவில் ஊஞ்சல் உற்சவம். பல மாவட்டங்களிலிருந்து பேருந்துகள் வந்து நிறையும். ஊரே விளக்கொளியில் மிதக்கும். ஆகவே நமக்கு உகந்தவை அமாவாசைக்கு மூன்று நான்கு நாள் முன்பும் பின்பும் உள்ள இரவுகள். பெண்பிள்ளைகளை இரவில் வெளியே அனுப்புவதா என்று தயங்கும் பெற்றோர் உண்டு; தயக்கம் நியாயமே. அவர்களும் உடன் வரட்டும். சந்திரனின் பள்ளங்களைப் பார்க்கும்போது அம்மாக்கள்தாம் வில்லையை விட்டு நகர மறுக்கிறார்கள்!

சந்திரனும் வியாழனும் சனியும் தாமே வழி சொல்லும். நம் கைவேலை எப்படி என்று சோதிக்க இரட்டை விண்மீன்களே சிறந்தவை. திருமணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வதை அறிவோம். வடக்கே சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரும் அவரருகே மங்கலான அருந்ததியும் வெறுங்கண்ணுக்கே தெரிவர். தொலைநோக்கியிலோ வசிட்டரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார். இதை 1617 இல் கண்டவர் கலிலியோவின் மாணவரான காஸ்தெல்லி என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி.

தெற்கே இதைவிட நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று இருக்கிறது. 1689 டிசம்பர் மாதம். அவ்வாண்டின் இறுதியில்தான் மராட்டிய அரசர் ராஜாராம் செஞ்சிக் கோட்டைக்கு வந்து சேர்ந்திருந்தார். அதே வேளையில் புதுச்சேரியில் இயேசு சபை அருட்தந்தை ழான் ரிஷோ, விடியற்காலை வானில் வால்நட்சத்திரம் ஒன்றைப் பன்னிரண்டு அடித் தொலைநோக்கியால் கவனித்துக்கொண்டிருந்தார். சயாம் நாட்டுக் கலகத்தால் அங்கிருந்து வெளியேறி வந்தவர் அவர். வால்நட்சத்திரத்தின் அருகிலிருந்த ஆல்பா சென்டாரி என்ற பேரொளி விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று அன்று கண்டார். இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கியால் செய்யப்பட்ட தொடக்ககாலக் கண்டுபிடிப்பு இது. ஐரோப்பாவின் பெரிய வான் ஆய்வகங்களுக்கு அவ்விண்மீன் அடிவானத்துக்குமேல் எழுவதே இல்லை. நமக்கோ தெற்கே 17 பாகை உயரத்தில் எழுகிறது. ஆம், தூக்குக்குண்டு காட்டிய அதே 17!

ராஜகிரியின் வடபுறம் ஒரு கிலோமீட்டரில் நிற்பவருக்கு எண்ணூறு அடி மலையே 13 பாகையை மறைத்துவிடும். அங்கே ஆல்பா சென்டாரி மலைமுகட்டை உரசியபடிதான் போகும். மேல்மலையனூரில் அந்தத் தடை இல்லை. தென்னைமரம் இல்லாத தென்புறக் கொல்லையாகப் பார்த்துக்கொண்டால் போதும். 120 மடங்கு பெருக்கத்தில் சற்றே மஞ்சள் நிறமான இரு புள்ளிகள், ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாகத் தெரியும். தென்துருவப் பக்கம் இருப்பதால் மெதுவாகவே நகரும். பார்வை வட்டத்தைக் கடக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டுகள். 2016 இல் மிக நெருங்கித் தெரிந்தவை இப்போது விலகி வருகின்றன. அதனால் பிரித்துப் பார்ப்பது எளிதாகிக்கொண்டே வருகிறது. ஆறாம் வகுப்புத் தங்கை இன்று இவற்றின் நிலையை வரைந்து வைத்தால், அவள் பாட்டியாகும்போது பேத்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மே மூன்றாம் வாரத்தில் இரவு பதினோரு மணிக்கும், ஜூன் நடுவில் ஒன்பதேகால் மணிக்கும், ஜூலைத் தொடக்கத்தில் எட்டேகால் மணிக்கும் அது தெற்கே உச்சியில் நிற்கும். பள்ளி திறந்த பிறகு நமக்கு உகந்தவை பின்னிரண்டுமே. அவை மேகம் கூடும் மாதங்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ஜெந்தி 1761 இல் கடலிலேயே வாய்ப்பை இழந்து, எட்டு ஆண்டுகள் கீழ்த்திசையிலேயே காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில், இதே புதுச்சேரியில், மேகம் வந்து மறைத்தது. அடுத்த வாய்ப்பு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான். நமக்கு அந்த நிலை இல்லை; இன்று மூடினால் நாளை திறக்கும். அதுவரை தொலைநோக்கி தையல் வகுப்பு மாணவியர் தைத்த உறைக்குள், ஈரம் படாத அறையில் இருக்கும். ஆடியில் தூசி தெரிந்தால் துணியால் துடைக்க வேண்டாம், கீறல்தான் மிஞ்சும்.