உலோக வால்வும் உறைதடுப்பு மருந்தும்: அறுவைக்குப் பிந்தைய பாடங்கள்

இதய வால்வை மாற்றியதும் நோய் முடிந்துவிட்டதென்று கருதி மருந்திலும் பரிசோதனையிலும் தளர்ந்துவிடுவதே, அறுவை நன்றாக நடந்த பிறகும் பலரை மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது. இந்தியாவில் வால்வு நோய்க்கு இன்றும் ஒரு முக்கியக் காரணம், சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து ஏற்படும் ருமாட்டிக் காய்ச்சலாகும். அது, இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்களைத் தடிக்கவும் ஒட்டவும் செய்வதால், இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டிய திறப்பு ஒன்றரைக்கும் கீழே சுருங்குகிறது; இரத்தம் நுரையீரலில் தேங்கி, மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்குகிறது.

இதழ்கள் நெகிழ்வாகவும் கசிவு குறைவாகவும் இருந்தால், ஜப்பானிய மருத்துவர் இனோவே 1980களில் உருவாக்கிய முறைப்படி, தொடைச் சிரை வழியே பலூனைச் செலுத்தித் திறப்பை அகலப்படுத்தலாம். அது இயலாதபோது வால்வை மாற்ற நேர்கிறது. விலங்குத் திசுவால் ஆன வால்வு இளையவர்களின் உடலில் விரைவில் தேய்வதால், அவர்களுக்குப் பெரும்பாலும் உலோக வால்வே பொருத்தப்படுகிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990இல் முதன்முதலாக மனித உடலில் பொருத்திய சித்ரா வால்வு, கோபால்ட் உலோகக் கலவைச் சட்டத்துக்குள் சாய்ந்து திறந்து மூடும் வட்டைக் கொண்டது. இறக்குமதி வால்வின் விலை எட்டாத குடும்பங்களுக்கு இது செய்த உதவி பெரிது.

எனினும், உலோகப் பரப்பில் இரத்தம் உறைந்து ஒட்டக்கூடும் என்பதால், வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் என்னும் உறைதடுப்பு மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. உறைவதற்கு ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு, மருந்து எடுக்காதவரிடம் ஏறத்தாழ 1 ஆகவும், மைட்ரல் உலோக வால்வு உள்ளவரிடம் பொதுவாக 2.5 முதல் 3.5 வரையிலும் இருக்க வேண்டும். குறைந்தால் உறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம், மிகுந்தால் உள்ளே இரத்தம் கசியலாம். பரிசோதனைத் தொல்லை இல்லாத புதுவகை உறைதடுப்பு மருந்துகளுக்கு மாறிவிடலாமே என்ற எண்ணம் இயல்பானதுதான்; ஆனால் அவற்றுள் ஒன்றான டாபிகட்ரானை உலோக வால்வு நோயாளிகளிடம் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில், உறைகட்டிகளும் இரத்தக்கசிவும் வார்ஃபரினைவிட அதிகமாகவே காணப்பட்டன.

நெடுங்காலம் இம்மருந்தோடு வாழ்பவர்களின் அனுபவம் சில நடைமுறைகளை உறுதிப்படுத்தியுள்ளது. மாத்திரையை மாலையில் உட்கொள்பவர்கள், பகலில் வரும் பரிசோதனை முடிவுக்கேற்ப அன்றைய அளவையே மாற்றிக்கொள்ள முடிகிறது. ஒரு வேளை தவறினால், மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்ளாமல் மருத்துவரிடம் கேட்டு நடப்பதே பாதுகாப்பு. வைட்டமின் கே மிகுந்த கீரைகள் மருந்தின் ஆற்றலைக் குறைக்கும் என்றறிந்து முருங்கைக்கீரையை அறவே விலக்கிவிடுபவர்கள் உண்டு. அதற்குத் தேவையில்லை, வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், உள்ளடக்கம் தெரியாத லேகியம், காய்ச்சலுக்குப் புதிதாகத் தரப்படும் ஆன்டிபயாட்டிக் ஆகியவைதாம் ஐ.என்.ஆரைப் பெரிதும் குலைப்பவை. பல் பிடுங்குவதற்கு முன், கிருமி வால்வில் தங்காதிருக்க ஒரு முன்தடுப்பு மருந்து தேவைப்படுவதால், வால்வின் விவரம் உள்ள அட்டையைப் பல் மருத்துவரிடம் காட்ட மறக்கலாகாது.

உலோக வால்விலிருந்து வழக்கமாகக் கேட்கும் ‘டிக்’ ஒலி மங்கினாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, பேச்சுக் குழறினாலோ, மலம் கருத்தாலோ அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கருவின் தொடக்க வாரங்களில் வார்ஃபரின் அதன் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும், அதற்கு அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்தினால் வால்வு அடைபட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், கருத்தரிப்பதற்கு முன்பே இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து மருந்துத் திட்டத்தை வகுத்துத்தரக் கேட்பது இன்றியமையாதது.